மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் வரும் வழியை அடைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
லைன் வீட்டு வாடகைதாரர்கள் நலச் சங்க நிர்வாகிகள்,
திருப்பூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பூர்.

நகல்: மாநகராட்சி ஆணையர், மாவட்ட சுகாதார அலுவலர், வேளாண்மை இணை இயக்குநர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இணை இயக்குநர்.

பொருள்: லைன் வீடுகளிலும் தொழிலாளர் விடுதிகளிலும் மூட்டைப்பூச்சி புகாமல் தடுக்க நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

பனியன் கம்பெனிகளில் வேலை செய்து லைன் வீடுகளில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்களின் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம். எங்கள் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்பவை. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். மேலே ஒரே ஓட்டுக்கூரை அல்லது சிமெண்ட் ஷீட். முதல் வீட்டில் நுழைந்த மூட்டைப்பூச்சி, சுவர் விரிசல் வழியாகவும் மின்கம்பி போகும் குழாய் வழியாகவும் கடைசி வீடு வரை போய்விடுகிறது. நடுவில் இருப்பவர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தப்ப முடிவதில்லை.

மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக இதுவரை நிறுவப்படவில்லை. அதனாலேயே கொசுவுக்கு இருப்பது போல் இதற்கென்று ஆளோ மருந்தோ ஒதுக்கீடோ இல்லை. ஆனால் இரவெல்லாம் சொறிந்துகொண்டு விழித்திருந்தவர், காலையில் ஓவர்லாக் மெஷினின் முன்னால் உட்காருகிறார். கண் அசந்தால் ஊசி விரலில் இறங்கும். சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் பிடித்த குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் தனியே உட்கார வைக்கப்படுகிறார்கள். தூக்கம் கெடுவது உடல்நலக் கேடு அல்லவென்று எவரும் சொல்ல மாட்டார்கள் என நம்புகிறோம்.

இந்தப் பூச்சி அழுக்கில் பிறப்பதில்லை. பொருளோடு பயணம் செய்து வருகிறது. வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர்தான் இருக்கும். முட்டை 1 மில்லிமீட்டர். வெள்ளை நிறம், மரத்தின் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பெண் பூச்சி தன் ஆயுளில் 200க்கு மேல் முட்டையிடக் கூடியது. பழைய கட்டில், பழைய மெத்தை, ஊரிலிருந்து வரும் பை, விடுதியில் அடுத்தவர் போர்வை, பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி மாறிப் படுக்கும் ஒரே மெத்தை: வெளியிலிருந்து வரும் முக்கிய வழிகள் இவை. இரத்தம் கிடைக்காமலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், காலி செய்து பூட்டிக் கிடந்த வீடு பூச்சியில்லாத வீடு ஆகிவிடாது. புதிதாகக் குடிவருபவர் பால் காய்ச்சிய அன்றிரவே கடி வாங்குவது இதனால்தான்.

எங்கள் முதல் கோரிக்கை மருந்து பற்றியது அல்ல. பூச்சி இருப்பதாகச் சொல்லும் குடும்பத்தை வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. விடுதியில் சொன்ன தொழிலாளியை வெளியேற்றக் கூடாது. இதைத் தாங்கள் அறிவுறுத்தலாக வெளியிட வேண்டும். இன்று எல்லோரும் மறைக்கிறோம். வடமாநிலத்திலிருந்து வந்தவர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று உள்ளூர்க்காரர் சொல்வதும், தென்மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் என்று இன்னொருவர் சொல்வதும் எங்கள் காதில் விழுகிறது. இரண்டும் அநியாயம். மறைக்க மறைக்கப் பூச்சி பெருகுகிறது. கண்டவுடன் சொன்னால் ஒரு கட்டிலோடு முடிந்துவிடும்.

அடுத்தது, ஒரு வீட்டுக்கு மட்டும் மருந்தடிக்கும் வழக்கம் நிற்க வேண்டும். மருந்தடித்த வீட்டிலிருந்து தப்பியது பக்கத்து வீட்டுக்குப் போய், சில வாரத்தில் திரும்பி வருகிறது. காம்பவுண்டு முழுவதையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். அடித்தபோது முட்டையாக இருந்தவை பின்னர் பொரிக்கும் என்பதால் இரண்டு வாரத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். குடி மாறும்போது விரிசல்களைப் பூசி வெள்ளையடித்துத் தருவதை உரிமையாளர்கள் உறுதி செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் உரிமையாளர் பொறுப்பு என்பது 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே இருக்கிறது. புதிய சுமை எதையும் நாங்கள் கேட்கவில்லை.

விஷ மருந்து பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிடிடிக்கு மூட்டைப்பூச்சி அசையாமல் போனது ஹவாய் தீவில் 1947லேயே தெரியவந்த செய்தி. இன்று கடையில் கிடைக்கும் தெளிப்பான்களில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகை. அதற்கும் உலகெங்கும் பூச்சி பழகிவிட்டது. மருந்து கேட்காதபோது அளவைக் கூட்டுகிறோம், மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம், வயலுக்கு அடிக்கும் மருந்தைப் பத்துக்குப் பத்து அறையில் அடித்துவிட்டு அங்கேயே படுக்கிறோம். இதைவிடக் கொடியது, தானியக் கிடங்குக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கட்டிலுக்கு அடியில் வைப்பது. பொதுமக்களுக்கு விற்கவே கூடாத பொருள் அது; ஈரக்காற்றுப் பட்டால் வெளிவரும் பாஸ்பீன் வாயு சுவர் இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்ததை நாடே அறியும். எங்கள் வரிசை வீடுகளில் அப்படி நடந்தால் ஒரு வீட்டோடு நிற்காது. எனவே இம்மாத்திரை சில்லறையில் விற்கப்படுகிறதா என்று வேளாண்மைத் துறை சோதனை நடத்த வேண்டும். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிகள் சட்டப்படி உரிமம் பெற்று மருந்தடிப்பவர்களின் பட்டியலை ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும்.

விஷம் இல்லாத வழி சூடு. 50 டிகிரி செல்சியஸ் சூடு உள்வரை எட்டினால் பூச்சியும் சாகும், முட்டையும் சாகும். சூட்டுக்கு அது மருந்துக்குப் பழகியது போல் பழகிக்கொண்டதாகத் தெரியவில்லை. மெத்தையை வெயிலில் போடுகிறோம், ஆனால் மேல்புறம் சுடச் சுடப் பூச்சி அடித்தையலுக்குள் நகர்ந்துவிடுகிறது. இந்த ஊருக்குச் சூடான காற்றும் நீராவியும் புதிதல்ல. சாயப்பட்டறைகளிலும் வாஷிங் யூனிட்டுகளிலும் அன்றாடம் ஓடுபவை அவை. அந்தத் தொழில்நுட்பம் தெரிந்தவர்களும் எங்கள் காம்பவுண்டுகளிலேயே குடியிருக்கிறார்கள். மாநகராட்சி மண்டலத்துக்கு ஒரு பொதுச் சூடேற்று மையம் அமைத்துத் தர வேண்டும்: போர்வை, தலையணை, துணிப்பைக்கு டிரையர்; மெத்தைக்கும் கட்டிலுக்கும் அடைத்த சூட்டறை. குறைந்த கட்டணம் கட்ட நாங்கள் தயார். பழைய கட்டில், மெத்தை, சோபா விற்கும் கடைகள் இம்மையத்தில் சூடேற்றி, அதற்கான சீட்டோடுதான் விற்க வேண்டும் என்று விதித்தால், பூச்சி வரும் பெரிய வாசல் ஒன்று அடைபடும். எங்கள் எல்லாக் கோரிக்கைகளிலும் இதையே முக்கியமாகக் கருதுகிறோம்.

பெண் தொழிலாளர் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் தேவை. உரிமம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் ஆளுக்கொரு மெத்தை, இரும்புக் கட்டில், உடைமைகளை வைக்க மூடியுள்ள பெட்டி ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆண்கள் தங்கும் கம்பெனி குவார்ட்டர்ஸ்களிலும் இதே ஆய்வு வேண்டும்.

கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வருகிறார்கள். கட்டில் மூட்டிலும் மெத்தைத் தையலிலும் படிந்த கரும்புள்ளி, உரிந்த தோல் இவற்றை அடையாளம் காண அவர்களுக்கு அரைநாள் பயிற்சி போதும். தமிழோடு இந்தி, ஒடியா, வங்க மொழிகளிலும் துண்டறிக்கை அச்சிட்டுத் தந்தால் வீடுதோறும் கொடுப்பது எங்கள் பொறுப்பு. தெருவில் எறிந்து கிடக்கும் மெத்தையை எடுத்து வருவதில்லை என்றும், ஊர் போய் வந்த பையை வாசலிலேயே பிரித்துத் துணியை வெந்நீரில் நனைத்த பிறகே உள்ளே எடுத்துச் செல்வதென்றும் சங்கக் கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறோம்.

தீபாவளிக்கு ஊர் போகும் தொழிலாளர்கள் திரும்பும் வாரங்களில்தான் வீடுகள் அதிகம் கைமாறுகின்றன. பைகளும் கட்டில்களும் அப்போதுதான் ஊருக்குள் வந்து சேர்கின்றன. எனவே தீபாவளிக்கு முன்பாகவே வீட்டு உரிமையாளர்கள், விடுதி நடத்துவோர், பழைய பொருள் வியாபாரிகள், சம்பந்தப்பட்ட துறை அலுவலர்கள், எங்கள் சங்கம் ஆகியோரைக் கொண்ட கூட்டத்தைத் தங்கள் தலைமையில் கூட்டித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இடம்: திருப்பூர்
இணைப்பு: காம்பவுண்டு வாரியாகக் கையொப்பப் பட்டியல்