சளி மருந்து போதாது, எக்ஸ்ரே வேண்டும்!

காசநோய்க்கு 6 மாதம் தவறாமல் மாத்திரை போட்டுக் குணமானவர் மறுபடி இருமுகிறார். சளியில் இரத்தம். ஆளும் மெலிகிறார். தோட்ட டிஸ்பென்சரியில் கிடைப்பது ஒரு போத்தல் இருமல் பாணியும் "ஒழுங்காக மருந்து போட்டிருக்க மாட்டாய், குடித்திருப்பாய்" என்ற ஏச்சும்தான். இதை இனியும் பொறுக்க மாட்டோம்.

காசநோய் நுரையீரலில் குழி விட்டுப்போகும். அந்தக் குழியில் அஸ்பெர்ஜிலஸ் என்ற பங்கசு குடியேறலாம். லயத்து ஈரச்சுவரில் பூக்கும் பூசணத்தின் இனம்தான் அது. ஆளுக்கு ஆள் தொற்றாது. ஆனால் காசநோய் திரும்பியதா என்று முதலில் சளியைச் சோதிக்க வேண்டும். சளியில் கிருமி இல்லையென்றால் "ஒன்றுமில்லை, வேலைக்குப் போ" என்பது வைத்தியமா? எக்ஸ்ரேயும் பங்கசுக்கான இரத்தப் பரிசோதனையும் எங்கே?

சாதாரண அன்டிபயோட்டிக் இதற்குக் கேட்காது. இட்ராகொனசோல் போன்ற பங்கசு மருந்தை, டாக்டரின் கண்காணிப்பில், பெரும்பாலும் 6 மாதமாவது எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் டவுன் கிளினிக்குக்குப் போகிறவருக்கு அந்த நாளெல்லாம் பேர் இல்லையென்றால் எப்படிப் போவார்? கிளினிக் நாளுக்கு முழுப் பேர் கேட்கிறோம், சலுகையாக அல்ல.

இரத்தம் அதிகமாக வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிர்வாகம் வாகனம் தர மறுத்தால் அந்த நிமிடமே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள்.