கைதிக்கு எதற்கு மனநல மருத்துவர்?

"வெளியே இருப்பவனுக்கே மனநல மருத்துவர் கிடைப்பதில்லை, குற்றம் செய்தவனுக்கு எதற்கு?" மேடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் ஆண்டுக்கணக்கில் இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கைதியின் மாத்திரையைப் பிடுங்கினால் அது எந்த ஏழையின் கைக்குப் போய்ச் சேரும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. போகட்டும், 'குற்றம் செய்தவன்' யார்? 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். நீதிபதி இன்னும் எழுதாத தீர்ப்பை மைக் பிடித்தவர் வாசித்துவிடுகிறார். 'எல்லாம் நடிப்பு' என்பது அடுத்த வாதம். அந்த ஒரே ஆண்டில் சிறைகளுக்குள் 119 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். நடிப்பா நோயா என்று பிரித்துச் சொல்லவும் மருத்துவர்தானே வேண்டும்?

'உண்மையான நோயாளி என்றால் சட்டம் பார்த்துக்கொள்ளும்' என்று சமாதானம் சொல்பவர்களுக்கு அசாமின் மச்சாங் லாலுங்கை நினைவூட்ட வேண்டும். 1951இல் கைதானவர், தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் அவர் தேறிவிட்டதாக மருத்துவர்கள் சொன்னார்கள். அவரை நீதிமன்றத்துக்கு அழைத்துப்போக யாருக்கும் தோன்றவில்லை. மறுபடியும் சிறைக்கே அனுப்பினார்கள். விசாரணை நடக்கவேயில்லை. 2005இல், 77 வயதில், ஒரு ரூபாய் பிணையில் வெளியே வந்தார். உள்ளே கழிந்தது 54 ஆண்டுகள். உச்ச நீதிமன்றம் 3 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இரண்டே ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். சட்டம் பார்த்துக்கொண்ட அழகு இது. பழைய கதை என்பார்கள். மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநலச் சிகிச்சை மையம் வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்; 500 கைதிகளுக்கு ஓர் உளவியல் ஆலோசகர் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு. 2025ஆம் ஆண்டின் இந்திய நீதி அறிக்கை கணக்கெடுத்தபோது, நாட்டின் அத்தனை சிறைகளுக்கும் சேர்த்து இருந்த உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் 25 பேர். காகிதத்தில் எழுதியது கைதிக்கு வைத்தியம் பார்க்காது என்பதற்கு இன்னும் எத்தனை லாலுங்குகள் வேண்டும்?

கடைசியாக, 'பொதுமக்களின் பாதுகாப்பு முக்கியம்'. முக்கியம்தான். இன்று உள்ளே இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருநாள் நம் தெருவுக்குத்தான் திரும்புவார்கள். உள்ளே தொடங்கிய மாத்திரை சிறை வாசலோடு நின்றுபோனால் நோயும் கூடவே வீட்டுக்கு வரும். விடுதலையாகிறவரின் மருந்துச் சீட்டு அவர் ஊர் அரசு மருத்துவமனை வரை போய்ச் சேர ஓர் ஏற்பாட்டையாவது பாதுகாப்புப் பேச்சாளர்கள் கேட்டிருக்கலாம். கேட்கமாட்டார்கள், அதற்குக் கைதட்டல் கிடைக்காது.