சுவைப்பவரும் குடிப்பவரும்

கேப் டவுனில் கருத்தரங்கு முடிந்த மறுநாளுக்கென்று ஒரு வழக்கம் உருவாகிவிட்டது. உழைப்பு, நிலம், காலனியம் எனக் கட்டுரை வாசித்த இந்தியப் பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் கழுத்து அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டெலன்போஷுக்கோ ஃபிரான்ஸ்ஹூக்குக்கோ வைன் சுவைச் சுற்றுலா புறப்படுகின்றனர். புறப்படுவதில் குற்றம் ஏதும் இல்லை. எந்தச் சுற்றுலாவைத் தேர்வது என்று முந்தைய இரவு நடக்கும் ஆலோசனைதான் கவனிக்கத்தக்கது. எத்தனை தோட்டங்கள், எத்தனை கோப்பைகள், பாலாடைக்கட்டி உண்டா, சிற்றுந்தா டிராம் வண்டியா, மலை பின்னணியில் விழுமாறு படம் எடுக்க இயலுமா? எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும் 'இதில் யாருடைய குரல் இல்லை' என்று கேட்டே தொடங்கும் புலமை, ஒரு சுற்றுலாக் கையேட்டின் முன் அந்தக் கேள்வியை அடியோடு மறந்துவிடுகிறது.

இத்தனைக்கும் அந்தக் கையேடுகள் சொல்லாடல் ஆய்வுக்கென்றே எழுதப்பட்டவை போல இருக்கும். அவற்றில் கொடிகள் நடப்படுகின்றன, பழங்கள் கையால் பறிக்கப்படுகின்றன, சாறு மரப்பீப்பாய்களில் முதிர்விக்கப்படுகிறது. எல்லாம் செயப்பாட்டு வினை. செய்தவர் எவரும் இல்லை. செய்வினை தலைகாட்டும் ஒரே இடம் நிறுவனரைப் பற்றிய பத்தி. சைமன் வான் டெர் ஸ்டெல் 1685இல் கான்ஸ்டான்ஷியாத் தோட்டத்தை 'உருவாக்கினார்' என்று அங்கு மட்டும் எழுவாய் தவறாமல் வந்து நிற்கும். அந்த ஆளுநர் தம் கையால் எத்தனை குழி தோண்டினார் என்பதை எவரும் கேட்பதில்லை. போதாக்குறைக்கு 'தெர்வார்' என்றொரு பிரெஞ்சுச் சொல். மண், சரிவு, வெயில், கடற்காற்று ஆகிய அனைத்தும் ஒரு வைனின் சுவைக்குள் இறங்கியிருப்பதைக் குறிக்கும் சொல் அது. சுண்ணாம்பு மண்ணுக்கும் தென்கிழக்குக் காற்றுக்கும் அதில் இடமுண்டு. குனிந்து பழம் பறித்தவரின் முதுகுக்கு இடமில்லை.

அந்த முதுகுகளின் வரலாறு மறைபொருளும் அன்று. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் கேப்பில் தளம் அமைத்தது; 1655இல் கொடிகள் வந்தன; 1659 பிப்ரவரி 2 அன்று முதல் வைன் பிழியப்பட்டதை யான் வான் ரீபெக் தம் நாட்குறிப்பில் எழுதினார். சுற்றுலா வழிகாட்டிகள் இந்த நாளை மனப்பாடமாகச் சொல்வார்கள். இடையில் விடுபடுவது 1658. அங்கோலாவிலிருந்தும் கினியிலிருந்தும் அடிமைகளை ஏற்றிய கப்பல்கள் வந்து சேர்ந்த ஆண்டு அது. அதே ஆண்டு ஏப்ரலில் அவர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. பாடத்தில் கவனம் நிலைக்கவும் கிறித்தவ வழிபாட்டு உரைகள் மனத்தில் பதியவும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு குவளை பிராந்தியும் இரண்டு அங்குலப் புகையிலையும் கொடுக்கலாயினர் என்பதும் அதே நாட்குறிப்பில்தான் உள்ளது. கல்விப்புலத்தைச் சேர்ந்தவர்கள் அறிந்திருக்க வேண்டிய குறிப்பு இது: கேப்பின் முதல் வகுப்பறையிலேயே மதுக்குவளை இருந்தது.

அந்தக் குவளை வகுப்பறையோடு நிற்கவில்லை. திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியாக மலிவான வைனை நாள்தோறும் பலமுறை ஊற்றிக் கொடுக்கும் முறை வேரூன்றியது. அதன் பெயர் 'டாப்'; ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ஒரு மடக்கு மது என்று பொருள். 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. பின்னும் நான்காண்டு 'பயிற்சிக்காலம்' என்ற பெயரில் அது நீடித்தது. டாப் முறையோ அதற்குப் பின்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உயிரோடிருந்தது. 1960களில் சட்டம் தடுத்தது. 1990களிலும் அங்கங்கே தொடர்ந்தது. கருவிலேயே மதுவின் பாதிப்புக்கு உள்ளாகிப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் மேற்குக் கேப்பின் திராட்சை மாவட்டங்களும் அடங்கும். விற்கத் தகாத வைனைக் கூலிக்காரரின் உடம்பில் ஊற்றி மூன்று நூற்றாண்டு கணக்குத் தீர்த்ததன் மிச்சம் அது.

இந்த இடத்தில் தமிழின் வினைச்சொற்கள் ஒரு வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கின்றன. சுற்றுலாப் பயணி வைனைச் சுவைக்கிறார். தோட்டத் தொழிலாளி குடிக்கிறார். ஒரே தோட்டம், ஒரே பழம். ஒருவருக்கு அது ரசனை, இன்னொருவருக்கு அது ஒழுக்கக்கேடு. கள்ளுக்கடை வாசலில் நிற்பவரைக் குடிகாரர் என்றும் கோப்பையைச் சுழற்றி முகர்பவரை ரசிகர் என்றும் பிரித்துப் பழகிய இந்திய நடுத்தர வர்க்கத்துக்கு ஸ்டெலன்போஷ் அந்நியமான ஊராகத் தோன்றாததில் வியப்பில்லை.

வேறொரு வகையிலும் அது அந்நிய ஊர் அன்று. 1652க்கும் 1808க்கும் இடையில் கேப்பில் கொண்டுவந்து இறக்கப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர். அவர்களுள் நான்கில் ஒரு பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்கள் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களின் சொந்தப் பெயர்கள் பெரும்பாலும் அழிந்தன. ஆவணங்களில் எஞ்சியவை 'வான் பெங்காலன்', 'வான் மலபார்', 'வான் டி குஸ்ட்' போன்ற ஒட்டுகளே. 'குஸ்ட்' என்றால் கரை, சோழமண்டலக் கரை. கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் முதலில் பழவேற்காடு, 1690 முதல் நாகப்பட்டினம். பலருக்குப் பெயராக ஒரு மாதம் ஒட்டப்பட்டது. ஜனவரி, பிப்ரவரி, செப்டம்பர் என்ற குடும்பப்பெயர்கள் இன்றும் கேப்பில் வழங்குகின்றன. தமிழின் 'கறி' பல மொழிகளின் வாய்வழி அலைந்து 'கெரி'யாக ஆஃப்ரிகான்ஸில் குடியேறியிருக்கிறது. பார்ல் நகரத் திராட்சைச் சரிவுகளுக்கு மேலே அந்த மொழிக்கென்று எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் 1975இல் திறக்கப்பட்டது. சுற்றுலா வண்டிகள் அதைக் கடந்துதான் போகின்றன. அம்மொழியை அடுக்களைகளிலும் தோட்டங்களிலும் வடித்தவர்கள் அடிமைகள் என்பதை அந்த வண்டிகளில் சொல்வோர் அரிது.

'இதெல்லாம் பழங்கதை' என்பது எதிர்பார்க்கத்தக்க மறுப்பு. 2011இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் மேற்குக் கேப் பழத்தோட்டங்களையும் வைன் தோட்டங்களையும் ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. வேலையிடத்தில் குடிநீரும் கழிப்பறையும் இல்லாமை, பாதுகாப்பு உடையின்றிப் பூச்சிமருந்துக்கு ஆளாகுதல், தலைமுறைகளாக வாழ்ந்த குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்படுதல் ஆகியவை அதில் பதிவாயின. தொழில்துறையினர் அறிக்கையின் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கினர். அடுத்த ஆண்டு நவம்பரில் டி டோர்ன்ஸ் பள்ளத்தாக்கில் வேலைநிறுத்தம் வெடித்தது. அது உண்ணும் திராட்சை விளையும் பகுதி. நெருப்பு அங்கிருந்து மேற்குக் கேப்பின் பல ஊர்களுக்குப் பரவியது. அப்போது சட்டப்படியான குறைந்தபட்ச நாட்கூலி 69 ரேண்ட். தொழிலாளர் கேட்டது 150. 2013 மார்ச்சில் கிடைத்தது 105. அதற்குள் உயிர்களும் போயின. சுவைச் சுற்றுலாவுக்கு ஒருவர் செலுத்தும் ஒரு நாள் கட்டணம் அந்தக் கூலியின் எத்தனை மடங்கு என்று கணக்கிட முனைவர் பட்டம் தேவையில்லை.

'அப்படியானால் போகவே கூடாதா? புறக்கணித்தால் தொழிலாளிக்குத்தானே வேலை போகும்?' இது இன்னொரு மறுப்பு. தொழிலாளியின் நினைவு இவர்களுக்குப் புறக்கணிப்பு என்ற சொல் காதில் விழும்போது மட்டும் வருவது ஒரு புறம் இருக்கட்டும். இங்கு பேசப்படுவது புறக்கணிப்பு அன்று, தேர்வு. தோட்டங்கள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. தொழிலாளர் நிலையைத் தணிக்கை செய்து புட்டியில் முத்திரை வழங்கும் 'வியேட்டா' என்ற அமைப்பு 2002 முதல் இயங்குகிறது. முத்திரை குறையற்றது என்று எவரும் வாதிட வேண்டியதில்லை. ஆனால் அது உள்ளதா என்றுகூடக் கேளாதவர் அதன் குறைகளைப் பேசுவது வேடிக்கை. ஃபிரான்ஸ்ஹூக்கின் சோல்ம்ஸ்-டெல்டா தோட்டம் தன் நிலத்தின் அடிமை வரலாற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைத்தது. தொழிலாளர்களுக்கென ஓர் அறக்கட்டளை வழியாகப் பங்குரிமையும் அளித்தது. பின்னர் அது நிதி நெருக்கடியில் வீழ்ந்ததும் உண்மை. அந்த வீழ்ச்சியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடிய வழிகாட்டி ஒருவர் கிடைத்தால், ஆறு கோப்பைகளை விட அது பெரிய வாய்ப்பு.

இன்ட்சிகி பியேலா என்பவரின் 'அஸ்லினா' வைன் உண்டு. குவாசூலு-நாட்டலின் சிற்றூரிலிருந்து உதவித்தொகை பெற்று ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் அவர். வைனை அதற்கு முன் சுவைத்தறியாதவர். பாடங்கள் நடந்த ஆஃப்ரிகான்ஸ் மொழியும் தெரியாதவர். தென்னாப்பிரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் வைன் வினைஞராக அறியப்படுபவர் அவரே. தம் வைனுக்குத் தம் பாட்டியின் பெயரைச் சூட்டினார். பயிற்றுமொழி பற்றியும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பற்றியும் ஆண்டு முழுவதும் விவாதிக்கும் இந்திய ஆய்வாளர்களின் பயணத் திட்டத்தில் இந்தப் பெயர் ஏன் இடம்பெறுவதில்லை என்பதற்கு அழகியல் விளக்கம் எதுவும் இல்லை. பயண நிறுவனத்தின் முதல் பக்கத்தில் அந்தப் பெயர் இல்லை, அவ்வளவே.

இத்தகைய தேர்வுக்கு வேண்டிய உழைப்பும் மிகக் குறைவு. வெர்கெலேகன் தோட்டத்தில் அடிமைகள் தங்கிய கட்டடத்தின் அடித்தளத்தை அகழ்ந்தபோது தரைக்கடியில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. அவர் வெப்பமண்டல நாடொன்றிலிருந்து வந்தவராக இருக்கக்கூடும் என எலும்பின் வேதிச் சோதனை காட்டியது. அங்கு அழைத்துச் செல்லும் நிறுவனத்திடம், அந்தக் கட்டடம் இருந்த இடத்தைக் காட்டுவீர்களா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்கலாம். வியேட்டா முத்திரை உள்ள தோட்டங்கள் எவை, தொழிலாளர் குடியிருப்பு எங்கே உள்ளது, வழிகாட்டிக்கு நாட்கூலி எவ்வளவு என்றும் அதே மின்னஞ்சலில் சேர்க்கலாம். பதில் எழுதும் நிறுவனங்கள் உண்டு. பாலாடைக்கட்டி வகைகளின் பட்டியலை மட்டும் திருப்பி அனுப்பும் நிறுவனங்களும் உண்டு.