தோலின் ஒலியும் தீட்டின் வரலாறும்

கலைக்கு வரலாறு எழுதுவோர், எக்கலைக்கு வரலாறு உண்டு என்பதை எழுதத் தொடங்குமுன்னரே முடிவு செய்துவிடுகின்றனர். அம்முடிவு அழகியல் சார்ந்தது என்று அவர்கள் கூறுவர். அது சமூகம் சார்ந்தது என்பதே எமது வாதம். இதனை நிறுவுவதற்கு ஒன்றுக்கொன்று மிகத் தொலைவிலுள்ள இரு ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று இங்கிலாந்தின் நோர்தாம்டன். மற்றையது நமது தலவாக்கலை.

நோர்தாம்டன் சப்பாத்துத் தைத்துப் பெயர்பெற்ற தொழில் நகரம். அங்கே 1978இன் பிற்பகுதியில் பீற்றர் மேர்பி, டானியல் ஆஷ், டேவிட் ஜே, கெவின் ஹஸ்கின்ஸ் என்னும் நான்கு இளைஞர் ‘பௌஹவுஸ்’ என்ற இசைக்குழுவை அமைத்தனர். கூடிச் சில வாரங்களே ஆன நிலையில், 1979 ஜனவரியில், அயலூரான வெலிங்பரோவின் சிறிய ஒலிப்பதிவுக் கூடமொன்றில் ஒரு பாடலைப் பதிவு செய்தனர். 1931இல் வெளிவந்த ‘டிராக்குலா’ திரைப்படத்தில் இரத்தக்காட்டேரியாக நடித்து, 1956இல் மறைந்த பெலா லுகோசியின் சாவைப் பற்றிய பாடல் அது. ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீளும் அதனை, லண்டனில் இசைத்தட்டுக் கடையொன்றை நடத்தியோரின் ‘ஸ்மோல் வொண்டர்’ என்னும் சிறு நிறுவனம் அவ்வாண்டு ஓகஸ்டில் வெளியிட்டது. 1980இல் வந்த குழுவின் முதல் தொகுப்பைப் பத்திரிகை விமர்சகர் பலர் எள்ளி நகையாடினர். 1983இல் குழு கலைந்தது. முழுதாக ஐந்து ஆண்டுகள்கூட நிலைக்காத இக்குழுவை இன்று ‘கொதிக்’ இசையின் தோற்றுவாய்களுள் ஒன்றாகக் கொள்கின்றனர். பாடல் பதிவான இடமும் மாதமும், முரசறைந்தவன் பெயரும் இன்று எவரும் அறியக்கூடியனவாக உள்ளன.

இத்தகைய இசையை முதலாளித்துவத்தின் நசிவுக்கலை என்று ஒதுக்கும் முற்போக்கு நண்பர்கள் நம்மிடையே உளர். தொழிற்சாலைகள் மூடுண்டு, வேலையற்ற இளைஞர் பெருகிய இங்கிலாந்தில் எழுந்த குரல் இது என்பதை அவர்கள் நோக்கவில்லை. சாவையும் இருளையும் பாடியமைக்காக ஒரு கலையை நிராகரிப்போமாயின், நமது ஒப்பாரியையும் நிராகரிக்க நேரிடும். உண்மையில், நம்மவருட் பலர் அதனையும் செய்தே வந்துள்ளனர்.

தலவாக்கலையைச் சூழ்ந்த தோட்டங்களில் தப்பு என்பது என்ன? வட்ட மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல். தீயிற் காய்ச்சி ஒலி ஏற்றப்படுவது. தேயிலைத் தோட்டங்களின் தொடக்க காலத்தில் விடியுமுன் லயத்து மக்களை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது அதுவே. துரையின் கட்டளையை அறிவித்த அதே தோல், மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு அதிர்ந்தது. மதன் எரியுண்டபின் ரதி புலம்பும் வேளையில் அவளுடன் சேர்ந்து அழுதது. லயத்திலிருந்து பிணம் புறப்படுகையில் முன்னே சென்றது. சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி எனப் பகுத்தறிந்த கலைஞர் பரம்பரையொன்று அதன் பின்னால் நின்றது. இப்பரம்பரையின் எத்தனை பெயர்களை நாம் அறிவோம்?

நோர்தாம்டனின் காற்பந்துக் கழகம் ‘செருப்புத் தைப்போர்’ என்னும் பட்டப்பெயரைப் பெருமையுடன் சூடியுள்ளது. நம்மிடையே அதே தொழிலின் பெயர் வசைச்சொல். அங்கே தோல் தொழிலின் நகரத்திலிருந்து எழுந்த சாவின் பாடல் வரலாறாயிற்று. இங்கே தோலும் சாவும் சேர்ந்து தீட்டாயின. இவ்வேறுபாட்டை அழகியல் விளக்காது, சாதியே விளக்கும்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. அவர்களை ஏற்றிச்சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அவ்வண்டியின் அரசியலை நாம் எழுதியிருக்கிறோம். அதில் ஏறியோருள் தப்பு அறிந்தோர் யார், அவர்களது அடிகளைக் கற்றுக்கொண்டோர் யார் என்று கேட்டோமா? 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். அவர் சொற்களைக் காத்தார். அடிகளைக் காக்கும் பொறுப்பு அடுத்த தலைமுறையாகிய நம்முடையது.

இவ்விடத்து ஓர் எதிர்வாதம் எழும். தப்பு சாதி இழிவின் சின்னம்; அதனைக் கைவிடுவதே விடுதலை என்பர் சிலர். இவ்வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. சாவு வீட்டில் கட்டாயத்தின் பேரில் பறையடிக்க மறுத்தோரின் போராட்டம் மாண்புடையது. ஆனால் அவர்கள் எதிர்த்தது கட்டாயத்தையே. அடிக்க மறுக்கும் உரிமையும், விரும்பி அடித்து அதற்குரிய மதிப்பைப் பெறும் உரிமையும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள். எதனைத் தேர்வது என்பதை அக்கலைஞரே தீர்மானிப்பர். அவர்களைத் தொடக் கூசிய நாம் அல்ல.

தமிழகத்தில் 2017இல் இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு இதற்குச் சான்று. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய அக்குழு, கானாவையும் பறையையும் றொக் இசையுடன் இணைத்துச் சாதியை நேருக்குநேர் பாடியது. சாவு வீட்டின் இசையெனப் புறந்தள்ளப்பட்ட கானாவே அங்கு அரசியற் குரலாயிற்று.

நாமோ 2023இல் மலையகம் 200 எனக் கொண்டாடினோம். அமைச்சருக்கு மாலை விழும்போது தப்பு வேண்டும். குத்துவிளக்கு ஏற்றியபின் அது மண்டபத்துக்கு வெளியே நிற்க வேண்டும். நாதஸ்வரக் கலைஞரின் பெயரையும் ஊரையும் பட்டத்தையும் அச்சிடும் அழைப்பிதழ், ஏனையோரைத் ‘தப்பிசைக் குழு’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்கிறது. இதனைப் ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என அழைப்பது நம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

தலவாக்கலைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து வந்த மாணவன் என்ற வகையில், இச்சங்கத்திடம் மூன்றினைக் கோருகிறேன். வரும் விழாவின் அழைப்பிதழில் ஒவ்வொரு தப்பிசைக் கலைஞரின் பெயரும் இடம்பெறல் வேண்டும். ஏனைய கலைஞருக்கு வழங்கும் அதே சன்மானம் அவர்களுக்கும் வழங்கப்படல் வேண்டும். விடுமுறைக் காலத்தில் தோட்டந்தோறும் சென்று, ஒவ்வோர் அடியையும் அடிப்பவர் பெயர், அவருக்குக் கற்பித்தவர் பெயர் ஆகியவற்றுடன், அவர்தம் இசைவு பெற்றுப் பதிவு செய்தல் வேண்டும். நான்கு நோர்தாம்டன் இளைஞரின் வரலாற்றை அறிந்திருப்பது குற்றமன்று. நமது லயத்துக் கடைசி வீட்டில் வாழும் தப்பிசைக் கலைஞரின் பெயரை அறியாதிருப்பதே குற்றம். அவர்களுட் பலர் முதுமை எய்திவிட்டனர். காலம் நமக்காகக் காத்திராது.