உடம்பு தயார், எஞ்சின் எங்கே?

சிறுசேரி சிப்காட் என்றதும் கம்பெனி பஸ்களும் ஐ.டி. ஊழியர்களின் பைக்குகளும்தான் நினைவுக்கு வரும். அதே வளாகத்தில் ராடார் செய்கிறார்கள் என்றால் பக்கத்து நாவலூர்க்காரர்களே ஆச்சரியப்படுவார்கள். டேட்டா பேட்டர்ன்ஸ் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. தேஜஸ் போர் விமானத்துக்கான மின்னணுக் கருவிகளும் அதன் வேலைகளில் உண்டு. தேஜஸின் இறக்கைகள் கோவை எல் அண்ட் டி ஆலையில் தயாராகின்றன. அதன் இரண்டு படைப்பிரிவுகளும் கோவையை அடுத்த சூலூர் தளத்தில் இருந்து பறந்தவைதான். ஆகவே தேஜஸ் தாமதத்தை ஏதோ பெங்களூர் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டார்கள். 2024 மார்ச்சில் முதல் விமானம் வந்திருக்க வேண்டும். 2025 முடிந்தபோதும் விமானப்படையின் கைக்கு ஒன்றுகூட வரவில்லை. நடுவே மிக்-21 ஓய்வு பெற்றுவிட்டது. 42 ஸ்குவாட்ரன் இருக்க வேண்டிய இடத்தில் 29தான் மிச்சம்.

அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனம் எஃப்-404 எஞ்சின் தரவில்லை என்பதுதான் காரணம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் பாதி உண்மை. பழைய ஆர்டருக்கான 65 எஞ்சின்களை 2016-க்குள் கொடுத்து முடித்த ஜி.இ., அடுத்த ஆர்டர் கண்ணுக்கெட்டாததால் அந்த உற்பத்தி வரிசையையே மூடிவிட்டது. அதே 2016 நவம்பரில்தான் 83 விமானங்கள் வாங்க டெல்லி கொள்கை அளவில் தலையசைத்தது. கையெழுத்து விழ நாலு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று! விலை பேசினார்கள், குறைத்தார்கள், கோப்பு மேஜை மேஜையாக அலைந்தது. ஒருவழியாக 99 எஞ்சின் கேட்டுப் போனபோது, உதிரி பாகம் வார்ப்பவர்களையே ஜி.இ. புதிதாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். அணைத்த அடுப்பைத் திரும்பப் பற்ற வைக்க இவ்வளவு காலம். அணைய விட்டவர்கள் யார்?

தேஜஸைத் தயாரிக்கும் எச்.ஏ.எல்.லும் முழுக்கத் தப்பிக்க முடியாது. அந்த நிறுவனத்தின் மேல் நம்பிக்கை இல்லை என்று விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங்கே 2025 பெங்களூர் விமானக் கண்காட்சியில் சொன்னது கேமராவில் பதிவானது. ராடாரும் ஏவுகணையும் பொருத்திச் சோதிக்கும் வேலை எஞ்சினால் நின்றதல்ல.

போட்டிக்காரர்கள் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2023-ல் மலேசியாவின் 18 விமான ஆர்டரைத் தேஜஸிடமிருந்து தட்டிச் சென்றது தென்கொரியாவின் எஃப்ஏ-50. அதற்குள் இருப்பதும் எஃப்-404 குடும்பத்து எஞ்சின்தான். போலந்துக்கு 2022-ல் ஆர்டர் எடுத்து மறு வருஷமே 12 விமானங்களைக் கொடுத்தும்விட்டார்கள்.

ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பரில் இன்னும் 97 தேஜஸுக்கு ஒப்பந்தம். இம்முறை ஆறே வாரத்தில், நவம்பர் 7 அன்று, 113 எஞ்சின்களுக்கும் கையெழுத்தாகிவிட்டது. சூடுபட்ட பின் வந்த புத்தி, அதுவும் நல்லதுதான். ஆனால் அவை 2027 முதல் 2032 வரைதான் வரும். அதுவரை கோவையில் இறக்கை செய்பவரும் சிறுசேரியில் சர்க்யூட் போர்டு சோதிப்பவரும் தங்கள் பங்கை முடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

எஞ்சினுக்குக் காத்திருப்பது தேஜஸ் மட்டுமல்ல; தாம்பரம் விமானப்படைத் தளத்தைக் கேட்டுப் பாருங்கள். விமானிகளுக்குக் கற்றுத்தரப் போகும் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி அங்கே 1954 முதல் நடக்கிறது. இன்று அவர்கள் ஏறுவது ஸ்விட்சர்லாந்தின் பிலாட்டஸிலும் நம் பழைய கிரணிலும். உள்நாட்டு எச்டிடி-40 பயிற்சி விமானம் எழுபதுக்கு 2023-லேயே ஆர்டர் போட்டாயிற்று. அதுவும் தாமதம். அதற்கும் அமெரிக்க எஞ்சின்தான் வர வேண்டும்.