பக்கத்து ஊருக்கு ஃப்ளைட்டா?

ஃப்ளைட்ல ஒரு ஊருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? குறுக்கு வழி ஒண்ணு இருக்கு. ஆகாய தூரத்தை 800-ஆல வகுங்க. ஏற, இறங்க அரை மணி நேரம் சேர்த்துக்கங்க. அவ்ளோதான் பாஸ்! காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசாவிலிருந்து, அதே நாட்டின் தெற்கு மூலையில் இருக்கும் லுபும்பாஷிக்கு சுமார் 1,570 கிலோமீட்டர். கணக்குப்படி ரெண்டரை மணி நேரம். நிஜத்துலயும் ஏறக்குறைய அதேதான்.

இதே ஃபார்முலாவை கின்ஷாசா – பிராஸவில் ரூட்டுக்குப் போட்டுப் பாருங்க. உதைக்கும்!

பிராஸவில் இன்னொரு காங்கோவின் தலைநகர். ஆமா, காங்கோன்னு ரெண்டு நாடு இருக்கு. குழப்பிக்காதீங்க. நடுவுல ஓடுறது காங்கோ நதி. இந்தக் கரையில நின்னா அந்தக் கரைக் கட்டடங்கள் தெரியும். படகுத்துறைக்குப் படகுத்துறை சுமார் 4 கிலோமீட்டர்தான். ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல நேர்கோட்டுல 25 கிலோமீட்டர் சொச்சம். விமானம் ஏறி முடிக்கிறதுக்குள்ள இறங்கியாகணும். அதுக்கும் டிக்கெட் வித்திருக்காங்க! ஆனா, கின்ஷாசா டிராஃபிக்கை நீந்தி ஏர்போர்ட் போய், செக்-இன் பண்ணி, ரெண்டு பக்கமும் பாஸ்போர்ட் நீட்டி முடிக்க அரை நாள் காலி. விசைப்படகுன்னா ஆற்றைத் தாண்ட கால் மணி நேரம் போதும்.

‘பாலம் கட்டினா என்னவாம்?’னுதானே கேக்கறீங்க? கட்ட முடியாத ஆறு இல்லை. கொஞ்சம் மேலே மலுக்கு பக்கம் ஆறு குறுகுது. அங்கே 1,575 மீட்டர் நீளத்துக்குப் பாலம் போடலாம்னு 2018-ல் ரெண்டு நாடும் ஒத்துக்கிட்டாங்க. பிரச்னை வேற.

கின்ஷாசாவுக்குக் கீழே நதி முழுக்க அருவி, பாறை. கடல்வரைக்கும் கப்பல் போகாது. அதனால, இந்தக் கரையைப் பிடிச்ச பெல்ஜியம்காரங்க 1898-ல் மடாடி துறைமுகத்துலேர்ந்து ரயில் விட்டாங்க. அந்தக் கரை பிரெஞ்சுக்காரங்க சும்மா இருப்பாங்களா? பல்லாயிரம் ஆப்பிரிக்கத் தொழிலாளிகளைக் காவு கொடுத்து, 1934-ல் புவாந்த் நுவார் துறைமுகத்துக்குத் தனி ரயில் பாதையை முடிச்சாங்க. ஒரே சரக்குக்கு ரெண்டு பாதை! பாலம் வந்தா சரக்கெல்லாம் எதிர்க்கரைத் துறைமுகத்துக்குப் போயிடும், மடாடி படுத்துடும்னு கின்ஷாசா பக்கம் இன்னமும் பயம் இருக்கு. வெள்ளைக்காரன் போட்டி, இவங்க தலையில விடிஞ்சிருக்கு.

இத்தனைக்கும் ரெண்டு கரையிலயும் லிங்காலாதான் பேசறாங்க. பாட்டும் ஒண்ணுதான். ஆனா பாஸ்போர்ட் வேற, பணம் வேற. 2014-ல் பிராஸவில் போலீஸ் வேட்டையில இறங்க, ஒரு லட்சத்துக்கும் மேல மக்கள் கின்ஷாசா பக்கம் திரும்ப வேண்டியதாச்சு. பல வருஷமா குடும்பம் நடத்தினவங்களும் அதுல உண்டு.

இந்த எல்லையை ஒரு பிழைப்பாவே மாத்திக்கிட்டவங்களும் இருக்காங்க. மாற்றுத் திறனாளிகளுக்குப் படகுக் கட்டணத்துலயும் சுங்கத்துலயும் சலுகை கிடைச்சுது. உடனே போலியோ பாதிச்ச பலர் பெரிய மூணு சக்கர வண்டிகளைச் செஞ்சுக்கிட்டு, மேலயும் கீழயும் சரக்கு மூட்டையை அடுக்கி ஏத்திட்டாங்க. அவங்க கையில ஹேண்டில் பார், பின்னாடி தள்ளிவிட ரெண்டு மூணு பேர். படகுத்துறையில அவங்க வண்டிக்கு எல்லாரும் வழி விட்டே ஆகணும்!