குற்றச்சாட்டும் சபை நீதியும்

சோழநாட்டுக் களத்துமேட்டில் தூற்றுதல் நற்றொழில். பதர் பறந்தொழிய, மணி காலடியிற் குவியும். அச்சொல்லே சபைக்குள் நுழையுங்கால் பொருள் திரிந்துவிடுகின்றது. மனிதர் தூற்றப்படும்போது பதரும் மணியும் பிரிவதில்லை. இரண்டும் ஒருங்கே காற்றிற் போகின்றன. மொட்டைக் கடிதமும் கோயில் வாசற்பேச்சும் ஒருவர் பெயரைக் கெடுத்த பின்னரே விசாரணை என்பது நம்மவர் நினைவுக்கு வருகின்றது. இதன் பொருட்டுத் தஞ்சைச் சபையின் பழைய வழக்கொன்றை நாம் எண்ணிப் பார்ப்பது நலம்.

சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). பெத்லகேம் குறவஞ்சி பாடிய அப்பெரியார், பின்வந்த மிஷனெரிமார்மேல் நான்கு குறைகளை எழுதி முறையிட்டார்: பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றினர், இராப்போஜனத்தில் சாதிப்பிரிவை விடும்படி வற்புறுத்தினர், விசேஷங்களிற் பூவை விலக்கினர், ஆராதனையில் தமிழ்ப்பாட்டை ஒடுக்கினர். 1829இல் ஹௌப்ரோ ஐயர் அவரை மிஷன் ஊழியத்தினின்று நீக்கினார். சரபோஜி மன்னர் ஆதரித்தார்.

இந்நான்கும் ஒரே நிறையின அல்ல. பாட்டைக் குறித்து அவர் கூறியது நியாயம் என்பதற்கு அவர் கீர்த்தனைகளை இன்றும் பாடும் நம் சபைகளே சாட்சி. சாதியைக் குறித்து அவர் கொண்டது பிழை. அதனை மழுப்புதல் தகாது. ஆயினும், குறைகூறப்பட்ட கட்சியாரே குறைகூறியவரைத் தண்டித்தல் நீதியாகுமோ? அன்றியும், இருதிறத்தார் வாதத்திலும் நாம் அரிதாகவே கேட்கும் குரல் ஒன்றுண்டு. அது, ஆண்டவர் ஆலயத்திலேயே தனியிடத்தில் அமர்த்தப்பட்ட ஒடுக்கப்பட்டோர் குரல். மெய்யாகக் குறையுடையார் அவரே.

1826 மார்ச்சில் தஞ்சைக்கு வந்த ஹீபர் அத்தியட்சர், சாதிச் சச்சரவைப்பற்றி உடனே தீர்ப்புரையாமல் விவரம் கேட்டார். ஏப்ரல் 3ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் மரித்தார். 1833இல் வில்சன் அத்தியட்சர், சாதி வேற்றுமை ஒழிக எனக் கட்டளையிட்டார்; பலர் சபையைவிட்டு அகன்றனர். கட்டளை நேரியதே. ஹீபரின் கேட்டறியும் பொறுமையும் வில்சனின் முடிவுரைக்கும் துணிவும் ஒருங்கே வேண்டும் என்பது நம் கருத்து. கேளாது தீர்ப்பது அநீதி. விசாரணை என்னும் பெயரால் காலங்கடத்துவதும் அநீதியே.

இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டுமென்பது மோசேயின் பிரமாணம். குற்றஞ்செய்தவனிடம் முதலில் தனித்துச் சென்று உணர்த்துக என்பது மத்தேயு 18இல் ஆண்டவர் காட்டிய வழி. ஆயின் இவ்வழியைப் பூட்டாக்கி எளியோர் வாயை அடைப்பவரும் உளர். கூலியாள் பண்ணையாரிடமும், சிறுமி தன்னைத் துன்புறுத்திய உபதேசியாரிடமும் தனித்துச் செல்லவேண்டும் என்பது அவ்வசனத்தின் கருத்தன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கண்ணகியின் வழக்கைக் கேட்டுத் தன் பிழையை ஒப்பினான். எனினும் ஆராயாது கொன்ற கோவலன் உயிரை அவ்வொப்புதல் மீட்கவில்லை.

ஆகலின் ஒவ்வொரு சபையிலும் முறையொன்று வேண்டும். முறையிடுவோர் பெயருடன் எழுதித் தருக. அவர்க்குத் தீங்கு நேராவண்ணம் சபை காக்க. குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றம் இன்னதென அறிந்து விடையிறுக்க இடம் பெறுக. கேட்போர் இருதிறத்தார்க்கும் உறவினராகாதிருக்க. அவருள் பெண்டிரும் எவ்வகுப்பினரும் இருக்க. நாள் குறித்து முடிக்க. குற்றமற்றவர் எனக் கண்டால், வதந்தி பரவிய சபை நடுவிலேயே அதனை அறிவிக்க. குற்றம் மெய்யெனில், பதவி நோக்காது கண்டிக்க. சட்டத்துக்குட்பட்ட குற்றமாயின் அரசாங்கத்தாரிடம் மறையாது தெரிவிக்க.

நம் கல்லூரியினின்று செல்வோர் பலர் நாளை மூப்பராயும் குருமாராயும் அமர்வர். அந்நாளில் ஒருவர் மெலிந்த குரலில் முறையிட வருவார். அவரை இருத்திக் கேட்பதும், மற்றவரையும் அழைத்துக் கேட்பதும் நம் கடன்.